கையை உருவத் தெரியாதவன்

பிள்ளை ஏமாந்து வந்துவிட்டான் என்று வாசலில் நின்று கத்துகிறாயே, அவனை ஏமாளியாக்கியது யார்? நீதான். ஊரைத் திட்டாதே, காலத்தைத் திட்டாதே. வாயை மூடிக்கொண்டு இந்தக் கதையைக் கேள். மற்றவர்களும் கேளுங்கள், உங்கள் வீட்டுக்கும் ஆகும்.

ராஜாக்கள் யானைமேல் போன காலம். மேற்கே மலையடிவாரத்தில் வெள்ளியங்கிரி என்றொரு மாட்டு வியாபாரி இருந்தான். சந்தையில் அவன் வாயைத் திறந்தால் எதிராளி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவான். வீட்டிலும் அவன் வாய் மட்டும்தான் திறக்கும்.

அவனுக்கு ஒரே மகன், சென்னியப்பன். மீசை அரும்புகிற வயது.

ஒருநாள் பையன், "ஏனுங்கையா, இந்தக் கன்னுக்கு எதுக்குச் சூடு போடறீங்க?" என்று கேட்டான். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

இன்னொரு நாள், "எனக்குப் பசியில்லீங்க" என்றான். வட்டிலில் இருந்ததை அழுகையோடு சேர்த்து விழுங்க வைத்தான் அப்பன்.

மூன்றாவது தடவை, அடிப்பதற்காக அப்பன் பிடித்திருந்த தன் கையைப் பையன் உருவிக்கொண்டு ஓடினான். அன்றைக்கு மாட்டுச் சாட்டை அவன் முதுகில் இறங்கியது. "பெரியவங்க புடிச்ச கையை உருவுவியா? உருவுவியா?"

முதுகுக்கு விளக்கெண்ணெய் தடவினாள் அம்மா நாச்சக்காள். "எதுக்குக் கண்ணு வம்பு? எது சொன்னாலும் சரிங்கன்னு சொல்லிப்போடு" என்றாள். அந்தச் சாட்டையைப் பிடுங்கி அடுப்பில் வைக்க அந்த மகராசிக்குத் தோன்றவில்லை!

அதோடு சரி. நில் என்றால் "சரிங்கையா". உட்கார் என்றால் "சரிங்கையா". தப்பே செய்யாதபோது, தப்பு உன்னுது என்றாலும் "சரிங்கையா". "என்ற பையனாட்ட எவனாச்சும் வளர்த்திருக்கீங்களாடா?" என்று சந்தையில் மார்தட்டினான் வெள்ளியங்கிரி.

பையன் மனசுவிட்டுப் பேசியது செவலைக் காளையிடம் மட்டும்தான். தாய் செத்த கன்றாக அவன் மடியில் வந்து விழுந்த காளை அது. தொழுவத்தில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் சொல்வான். அது காதை ஆட்டிக் கேட்கும்.

தேர்த் திருவிழாவோடு கூடும் தேர்ச்சந்தை வந்தது. மாடு உதைத்து வெள்ளியங்கிரியின் முழங்கால் வீங்கிக் கிடந்தது. "செவலையைக் கொண்டுபோய் நாலு பேர் கண்ணுல காட்டிப்போட்டு ஓட்டிட்டு வா. விக்காதே" என்றான்.

"சரிங்கையா."

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். ஒப்பாதவன் கையை உருவிக்கொள்ள வேண்டும். மூன்று பிடிக்கும் உருவாமல் நின்றால், கடைசிப் பிடியின் விலைக்கே பேரம் முடிந்தது.

ராக்கியப்பன் என்ற தரகன் வந்தான். நரைத்த மீசை, வெற்றிலைச் சிரிப்பு. கேட்காமலே பையன் கைமேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்தான்.

முதல் பிடி, கிழட்டுப் பசுவின் விலை. பையன் உருவவில்லை. அட, என்று பார்த்தான் தரகன். இரண்டாம் பிடி, வெள்ளாட்டு விலை. உருவவில்லை. மூன்றாம் பிடி, கோழி விலை!

உருவு, உருவு என்று சென்னியப்பனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிடித்திருப்பது பெரியவர் கை, உருவாதே என்றது முதுகு. முதுகு ஜெயித்தது.

சேதி கேட்டு வெள்ளியங்கிரி நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். "பச்சப்புள்ளையை ஏமாத்திப்போட்டாங்க!" என்று நாட்டாமை முன்னால் குதித்தான்.

நாட்டாமை சொன்னார்: "புடி முடிஞ்சா முடிஞ்சதுதானுங்க. ஆனா கயிறு இன்னும் பையன் கையிலதான் இருக்குது. விக்கமாட்டேன்னு அவன் வாயால ஒரு சொல்லு வரட்டும், காளை அவனுது. நீங்க சொன்னாச் செல்லாது."

சந்தையே பையன் வாயைப் பார்த்தது. செவலையின் மூச்சு அவன் தோளில் சுட்டது. "மா..." என்று ஆரம்பித்தான். கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

அப்பனுக்குப் பொறுக்கவில்லை. கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். "சொல்லித் தொலைடா! மாட்டேன்னு சொல்லுடா!"

ஓங்கிய கையைப் பார்த்தான் சென்னியப்பன்.

"சரிங்கையா" என்றான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சரின்னுட்டாப்லயே, அப்புறமென்ன?" என்று தரகன் கயிற்றை வாங்கினான். செவலை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

ஓங்கிய கை பையன்மேல் இறங்கப் போனது. நாட்டாமை தடுத்தார். "இன்னும் அடிச்சா இன்னொரு சரிங்க வரும். வேறென்னய்யா வரும்?"

வீட்டில் மாட்டேன் என்று சொல்ல விடாமல் வளர்த்த பிள்ளை, வெளியே எவன் கையைப் பிடித்தாலும் அவனுக்கே சொந்தமாகிவிடுவான்.

கேட்டாயா? தலையை ஆட்டினது போதும். உள்ளே போ. அந்தப் பிள்ளை முன்னால் உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேள். அவன் வாயிலிருந்து ஒரு மாட்டேன் வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திரு. கெடுத்தவன் நீ, நீயே சரிபண்ணு. போ!