பத்தில் வைக்கச் சொன்ன இசையமைப்பாளர்

படத்தின் முதல் மூன்று பாகங்களுக்கும் வேறொருவர் இசை. ரசிகர்கள் இன்னும் அதையே புகழ்ந்தார்கள். நான்காம் பாகத்துக்கு இசையமைத்த பிரகதீஷுக்கு அது பொறுக்கவில்லை. முதல் காட்சிக்கே திண்டுக்கல் தியேட்டரின் ஆபரேட்டர் அறைக்குள் வந்து நின்றார்.

“சவுண்டு ஏழுலயா வச்சிருக்கே? ஹீரோ வரும்போது பத்துல வை.”

“ஸ்பீக்கர் கிழிஞ்சிரும் சார்” என்றார் ஆபரேட்டர் சவரிமுத்து.

கூட வந்த தியேட்டர் முதலாளி அதட்டினார். “சார் சொல்றதைச் செய்யி. ஆனா ஸ்பீக்கர் போச்சுன்னா உன் வேலையும் போச்சு.”

பெரிய மனிதர்கள் இப்படித்தான். ஆசை அவர்களுக்கு, அடி நமக்கு.

திரையில் ஹீரோவின் கார் வந்தது. சவரிமுத்து உடம்பால் மறைத்துக்கொண்டு குமிழைத் திருகினார். கீழே ஒருத்தன் “சவுண்டு!” என்று கத்தினால் தொலைந்தார்.

ஒருவரும் கத்தவில்லை. விசிலும் கைதட்டலும் கூரையை அதிரவைத்தன.

பிரகதீஷ் கண்ணை மூடித் தலையாட்டினார். “கேட்டீங்களா முதலாளி? இதுதான் என் மியூசிக்! பத்துல வச்சதும் எப்படித் தூக்குது பாருங்க!”

“பத்து இல்ல சார், சைபர்” என்றார் சவரிமுத்து. “நீங்க கேட்டது பூரா ஜனங்க போட்ட சத்தம்.”

முதலாளி தொண்டையைச் செருமினார்.

“சவரி, நீ படத்தை ஓட்டு. சார், நீங்க கீழே வாங்க, காபி ஆறுது.”