மான் குனியும் வரை

எங்கள் கோணப்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். இருக்கிறது, தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருக்கிறோம். என்னுடையது இன்னும் புத்தம் புதுசு.

பேச்சியைக் கட்டிக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. அவள் அப்பா மாயாண்டி பழைய வேட்டைக்காரர். "கல்யாண விருந்துக்கு மான் கொண்டாந்தாத்தான் பொண்ணு" என்று சொல்லிவிட்டு, முறையும் சொல்லிக்கொடுத்தார்.

"உடம்புல பச்சைத் தழையைக் கட்டிக்க. சருகை மிதிக்காத. காத்து மூஞ்சியில அடிக்கிற பக்கமாப் போ. மான் குனிஞ்சு மேஞ்சா அடி எடுத்து வை. தலையைத் தூக்குச்சுன்னா, கல்லு மாதிரி நில்லு. மறுபடி குனியிற வரைக்கும் அசையவே கூடாது."

கல்யாணத்துக்கு முதல் நாள் நானும் என் கூட்டாளிகள் ஒச்சப்பனும் வீரணனும் கிளம்பினோம். சருகை மிதிக்கக் கூடாதல்லவா? ஆளுக்கொரு விளக்குமாறு கொண்டுபோய்க் காட்டைப் பெருக்கினோம். எங்கள் வீட்டு வாசல்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

திடீரென்று காற்று நின்றுவிட்டது.

"இப்ப எந்தப் பக்கம் போறது?" என்றான் ஒச்சப்பன்.

வீரணன் வெகுநேரம் யோசித்தான். "காத்து இல்லேன்னா பக்கமும் இல்லே. நில்லு."

நின்றோம். அப்போது ஒரு மான் வந்தது. என்னைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. தூக்கிய தலையோடே நடந்து வந்து, என் தோளில் கட்டியிருந்த தழையைத் தின்ன ஆரம்பித்தது.

"மாப்ளே, கையெட்டுற தூரம்டா. புடி!" என்றான் ஒச்சப்பன்.

"தலை மேலதானேடா இருக்கு? மாமா என்ன சொன்னாரு?" என்றேன்.

தழையைத் தின்றது. என் முதுகில் மாட்டியிருந்த வில்லின் நார்க் கயிற்றையும் மென்றது. கோவணத்தை மட்டும் மோந்து பார்த்துவிட்டு, தலை நிமிர்ந்தபடியே காட்டுக்குள் ஓடிவிட்டது.

"இப்ப நகரலாமா?" என்றான் ஒச்சப்பன்.

"அது குனிஞ்சதை யாரு பாத்தா?" என்றான் வீரணன்.

யாரும் பார்க்கவில்லை. நின்றோம்.

விடிந்ததும் மாயாண்டி ஆட்களோடு தேடி வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "முகூர்த்தம் போகுதுடா! விருந்துக்குப் பூசணிக்காயே போதும், வந்து தொலைங்க!" நாங்கள் அசையவில்லை. கட்டையைத் தூக்குவதுபோல் எங்களைத் தூக்கிப்போய்ப் பந்தலில் நிறுத்தினார்கள்.

"தாலியைக் கட்டுடா!"

"மான் குனியட்டும், மாமா." பேச்சி எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். ஆனாலும் கையை எப்படி அசைப்பது?

வீரணன்தான் வழி சொன்னான். "மானுக்குப் பதிலா பொண்ணு குனிஞ்சாலும் செல்லும்."

கல்யாணப் பெண் குனிவதற்குச் சொல்லியா தரவேண்டும்? பேச்சி வெட்கத்தோடு தலை குனிந்தாள். சட்டென்று தாலியைக் கழுத்தில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டேன். என் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு அவள் தலையைத் தூக்கிவிட்டாள்.

இன்னும் இரண்டு முடிச்சு பாக்கி. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். "என்ன மச்சான், இப்படியே நிக்கிறீக?" என்று தலையைத் தூக்கியபடியே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.