மின்விசிறியை நிறுத்திய பிறகு

இந்தக் கதையை நான் பல ஆண்டுகளாக நம்பவில்லை. கேட்கும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் பிடித்துக்கொள்ளும்.

சொன்னவர் பல் டாக்டர் வைகுந்தன். எங்கள் ரைஃபிள் கிளப்பின் மூத்த உறுப்பினர். பொய் சொல்கிற மனிதர் இல்லை. என் சந்தேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

மாநில அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. போட்டி இருவருக்குள். ஒருவர் டாக்டர். மற்றவர் அவர் மனைவியின் தம்பி திருமேனி. மறுநாள் காலை தேர்வு.

டாக்டர் பயிற்சியாளர் ஃபிலோமினாவிடம் போனார். அவர் டாக்டரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனால் டாக்டருக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இன்றும் டாக்டர் அவரைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை, மேடம் என்றே சொல்வார்.

"என் கூட்டை யாரோ கலக்கறாங்க மேடம்."

சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை நாங்கள் தூக்கி எறிவதில்லை. சுத்தம் செய்து, புது வெடிமருந்தும் குண்டும் அடைத்து மறுபடி சுடுவோம். ஒரே எடையுள்ள கூடுகளாகப் பொறுக்கிக்கொண்டால் குண்டுகள் சிதறாமல் ஒரே இடத்தில் போய் விழும் என்பது டாக்டரின் நம்பிக்கை. கனமானவை சிவப்பு டப்பாவில். லேசானவை நீல டப்பாவில். போட்டிக்குச் சிவப்பு மட்டும்தான்.

"சிவப்புல லேசான கூடு கெடக்குதுங்க. நான் போடலை."

"யாரு போட்டாங்க?"

"தோட்டா அடைக்கற அறைச் சாவி உங்களை விட்டா ரெண்டு பேருகிட்டத்தான் இருக்குது. ஒண்ணு என்கிட்ட."

"இன்னொண்ணு உங்க மச்சினன்கிட்ட."

"நான் அவன் பேரைச் சொல்லலீங்க. நீங்கதான் சொல்றீங்க."

"நல்லாப் பல்லு புடுங்கறீங்க டாக்டர். வலிக்கவே இல்லை."

டாக்டர் சிரிக்கவில்லை. செயலாளரிடம் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மேடமும் கூட வந்து சொல்ல வேண்டும் என்றார்.

மேடம் சொன்னால் அதற்கு மேல் விசாரணை இல்லை. திருமேனியைக் கிளப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். பிறகு அவன் எந்தக் கிளப்பிலும் துப்பாக்கியைத் தொட முடியாது.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க."

"தம்பியைத் திருடன்னு சொன்னா அக்கா சும்மா இருப்பாங்களா?"

"அதுக்காக நான் சும்மா இருக்கோணுங்களா?"

மேடம் எழுந்தார். "வாங்க, நிறுத்துப் பாக்கலாம்."

தோட்டா அடைக்கும் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேடம் சிவப்பு டப்பாவிலிருந்து ஒரு கூட்டை எடுத்துத் தராசில் வைத்தார்.

லேசு. நீல டப்பாவில் இருக்க வேண்டிய எடை. அதிகம் போனால் நாலைந்து அரிசியின் வித்தியாசம்.

"பாத்தீங்களா? என் கையால பொறுக்கிப் போட்ட டப்பாங்க இது."

மேடம் கூட்டை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். கதவோரம் போய் மின்விசிறியை நிறுத்தினார். திரும்பி வந்து, கையைத் திறந்து, கூட்டைத் தராசில் வைத்தார்.

கனம். சிவப்பு டப்பாவின் எடை.

"இப்ப யாரு கலக்கினாங்க டாக்டர்?"

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். இறக்கைகள் மெதுவாகச் சுற்றி நின்றன.

"காத்துங்களா?"

"அது உங்க தராசு. நீங்கதான் சொல்லோணும்."

டாக்டர் கூட்டைத் தராசிலிருந்து எடுத்தார். விரல்களில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு சிவப்பு டப்பாவில் போட்டு மூடினார்.

"சரி, காத்து மேல புகார் குடுக்கலாம், வாங்க. செயலாளர் ஆபீஸ்லதான் இருக்காரு" என்றார் மேடம்.

டாக்டர் போகவில்லை.

கதை அவ்வளவுதான். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். டாக்டரும் சிரிப்பார். மறுநாள் திருமேனி ஜெயித்தான். டாக்டர்தான் முதலில் போய்க் கைகொடுத்தார். இன்றும் இருவரும் ஒரே காரில்தான் கிளப்புக்கு வருகிறார்கள்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒருமுறை கேட்டார். "அப்புறம் மின்விசிறி இல்லாம எல்லாக் கூட்டையும் மறுபடி நிறுத்தீங்களா டாக்டர்?"

"இல்லீங்க. அப்படியே அடைச்சுச் சுட்டேன்."

அன்றுதான் என் சந்தேகம் வேர் பிடித்தது. காப்பிக்குப் போடும் சர்க்கரையைக்கூட அளந்து போடுகிறவர் அவர்.

யாரும் இல்லாதபோது அதே அறையில் சோதித்துப் பார்த்தேன். மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கூட்டைத் தராசில் வைத்தேன். எண்கள் துள்ளின. ஏறின, இறங்கின. ஓர் எடையில் நிலைத்து நிற்கவே இல்லை. டாக்டரின் கதையிலோ லேசு என்றால் லேசாகவே நின்றது.

எதற்காக இதைச் சோதிக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். திருமேனி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இருந்தும் சோதனையை நிறுத்தவில்லை.

கதவோரத்தில் சுவிட்சுக்குக் கீழே மேடத்தின் மேசை இருந்தது. அவரும் கனமான கூடுகளை மட்டும் பொறுக்கி அங்கே வைத்திருந்து சுட்டவர். மூடிய கை அந்த மேசையைத் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கிறது.

அவரிடம் கேட்க முடியாது. காலமாகிவிட்டார்.

ஆக, திருமேனி கலக்கியிருக்கிறான். மேடம் கூட்டை மாற்றி அவனைக் காப்பாற்றியிருக்கிறார். டாக்டர் ஏமாந்திருக்கிறார். ஏமாந்த கதையை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பாவம் மனிதர்.

இப்படித்தான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் டாக்டரும் திருமேனியும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துச் சுட்டோம். முடிந்தபோது மூவரின் கூடுகளும் சிமெண்டுத் தரையில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. மூவருடையதும் ஒரே கம்பெனிக் கூடுகள்.

நான் கையில் அள்ளிக்கொண்டு முழித்தேன். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துப் பிரித்துப் போட்டார்.

"இது உங்களுது. இது என்னுது. இது அந்தத் தடியனுது."

"எப்படி டாக்டர்?"

"துப்பாக்கி கூட்டை வெளிய தள்ளறப்ப அடியில ஒரு தழும்பு போடுமுங்க. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு தினுசு. பேஷண்ட் பல்லு மாதிரிதான். ஒருக்கா பாத்தா மறக்காது."

"இது எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கறதுக்கு என்னங்க இருக்குது? மொத நாள்ல இருந்து அப்படித்தான் எடுக்கறேன்."

முன்னாலேயே இறங்கிப் போயிருந்த திருமேனி கீழே காரிலிருந்து ஹாரன் அடித்தான்.

"மாமா, வர்றீங்களா, இல்லை அக்காகிட்டச் சொல்லிச் சோத்தை ஆற வைக்கட்டுமா?"

"வாறேன்டா, கத்தாதே."

டாக்டர் தன் கூடுகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாற்றிய கூட்டை அன்று விரலில் திருப்பிப் பார்த்தும் இவர் மேடத்தை எதிர்த்துக் கேட்கவில்லை என்றால், கலக்கியது திருமேனியாக இருக்க முடியாது; இத்தனை ஆண்டுகள் நான் சந்தேகப்பட்டது தப்பான ஆளை.

"டாக்டர்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு மேடம் ரெண்டாவது தடவை வெச்ச கூட்டை நீங்கதானே எடுத்து டப்பாவுல போட்டீங்க? அதுல யாரோட தழும்பு இருந்துதுங்க?"