மூடி போன சைக்கிள்

சந்தைப்பேட்டை சைக்கிள் ஸ்டாண்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்த பஞ்சாயத்துத் தலைவர் சிங்கராயர், காவலுக்கு இருந்த ஒச்சாயியிடம் சீறினார்.

"என் மகன் சைக்கிள்ல வால்வு மூடியத் திருடிட்டே. அதான் காத்து போச்சு. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எடத்தக் காலி பண்ணு."

திரும்பி வந்தவரிடம் ஒச்சாயி ஒரு மூடியை நீட்டினாள். "இது உங்க மோட்டார் சைக்கிள் மூடிங்க. நீங்க போனதுமே கழட்டிட்டேன். காத்து போயிருச்சான்னு பாருங்க."

சிங்கராயர் டயரை அமுக்கினார். கல்லு மாதிரி இருந்தது.

"மூடி தூசிக்குத்தாங்க. தூசி அடைச்சா வால்வு கெடும், அதனால போடணும். காத்தப் புடிச்சு வைக்கிறது அது இல்ல."

"அப்ப காத்து எப்படிப் போச்சு?"

மகனின் சைக்கிள் டயரிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பொதுப்பாதைய மறிச்சு நீங்க போட்ட வேலி முள்ளுங்க."

சந்தையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லார் காலிலும் அந்த வேலி முள் ஒருமுறையாவது தைத்திருந்தது.