தோசைக் கட்டத்தில் வண்டிமலை

ஊருக்கு ஒரு புத்திசாலி போதும் என்பார்கள். காடன்குளத்தில் இருந்த அந்த ஒருவரும் வெளியூர் போயிருந்த சமயம் நடந்த கதை இது.

அந்த ஊர் மாசானத்தின் பெண்டாட்டி இசக்கி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "ஆட்டுக்கல்லோட மல்லுக்கட்டி என் தோள்பட்டையே போச்சு. கிரைண்டர் வந்த பொறவு சொல்லியனுப்புங்க, வாரேன்" என்பது அவள் பேச்சு. அவள் போனதிலிருந்து மாசானத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் டவுனில் ஒரு பாத்திரக்கடை சுடோக்குப் போட்டி வைத்தது. பரிசு கிரைண்டர். நாலுக்கு நாலு கட்டம். எண்ணுக்குப் பதிலாக இட்லி, தோசை, வடை, பூரி. குறுக்கே பார்த்தாலும் நெடுக்கே பார்த்தாலும் ஒரே வரிசையில் ஒரு பலகாரம் இரண்டு முறை வரக்கூடாது. இரண்டும் எண்ணெய்ச் சரக்கு என்பதால் வடையும் பூரியும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரக் கூடாது. அடித்தல் திருத்தல் கூடவே கூடாது. கட்டங்களை நிரப்பிக் கடைக்குக் கொண்டுவர வேண்டும்.

மாசானம் பென்சிலை எடுத்தான். கூட்டாளி சுடலைமுத்து அதைப் பிடுங்கினான்.

"ஏல, இட்லின்னு எழுதுனா கட்டம் நெறஞ்சிருமா? சோறுன்னு எழுதி வச்சா ஒன் வயிறு நெறையுமா?"

இன்னொரு கூட்டாளி வண்டிமலை வெகுநேரம் யோசித்துவிட்டு, "நெறையாது" என்றான்.

மாசானம் வீட்டுப் பின்வாசல் கதவைக் கழற்றிச் சாக்பீஸால் கட்டம் போட்டார்கள். பலகாரத்துக்கு மாவு வேண்டுமே? மாசானம் மாமியார் வீட்டுக்கு ஓடினான்.

"மாவு எதுக்கு?" என்றாள் இசக்கி.

"கிரைண்டர் வாங்கத்தான்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கிரைண்டர் என்ற சொல் வாயில் வந்ததே பெரிது என்று, அம்மா வீட்டு ஆட்டுக்கல்லில் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டிக் கொடுத்தாள்.

சுட்டு அடுக்கினார்கள். ஒரு பூரி உப்பிக்கொண்டு மூலைவாட்டில் இருந்த வடைமேல் சாயப் பார்த்தது. சுடலைமுத்து அதைக் குத்திக் காற்றை இறக்கினான். பிறகு அவனும் மாசானமும் கதவைத் தலையில் தூக்க, வண்டிமலை காக்கா விரட்டிக்கொண்டு கூட வந்தான். பாதி வழியில் கதவை இறக்கிப் பார்த்தால் ஒரு தோசையைக் காணோம். வண்டிமலை வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மாசானம் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதான். "என் இசக்கி இனி வரமாட்டாளே. வேற தோசை வாங்கி வப்போமால?"

"அது திருத்தல். செல்லாது" என்றான் சுடலைமுத்து. "ஆனா தோசை எங்க போச்சு? இவன் வயித்துக்குள்ளதான கெடக்கு? இவனையே கட்டத்துல ஏத்து."

வண்டிமலை பக்கத்து வடையை மிதிக்காமல் குத்தவைத்து உட்கார்ந்தான். ஊர்வலம் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

முதலாளி கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது யாருப்பா?"

"தோசைங்க" என்றான் மாசானம்.

வண்டிமலை அதை ஆமோதித்து ஏப்பம் விட்டான். முதலாளி சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்தார். எழுந்து பார்த்தால் விடையும் சரியாகத்தான் இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்ததும் அது ஒன்றுதான். கிரைண்டரைக் கொடுத்து அனுப்பினார்.

ஊர் எல்லையில் சுடலைமுத்து நின்றான். "ஒன் வீட்டு வரிசையில கோடி வீட்டுக்காரன் ஏற்கெனவே கிரைண்டர் வச்சிருக்கான். ஒரே வரிசையில ரெண்டு வரலாமா? கடைக்காரர் திரும்ப வாங்கிட்டா?"

நியாயம்தான் என்று, கிரைண்டரே இல்லாத மாமியார் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்த்ததும் இசக்கி முகம் மலர்ந்தது. "உள்ள வாங்க" என்றாள். மாசானத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு காலை உள்ளே வைத்தவன் சட்டென்று பின்வாங்கினான். உள்ளே மூத்த மருமகன் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"ஒரே கட்டத்துல ரெண்டு மருமகன்" என்று முனகினான் மாசானம்.

மூவரும் வாசலில் கூடிப் பேசினார்கள். கடைசியில் சுடலைமுத்து, "வீட்டுல தோசை இருக்கா தாயி?" என்று கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு கெடக்கு."

"அத மட்டும் வெளிய எடுத்துட்டு வா."

மாசானம் வாசலில் நின்றே அதைத் தின்று முடித்தான். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கம்பீரமாக உள்ளே நுழைந்தான்.

"வாங்க மருமவனே" என்றாள் மாமியார்.

"மருமவன் இல்ல அத்தை" என்றான் அவன் பணிவாக. "தோசை."

இசக்கி இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். கிரைண்டர் நன்றாக ஓடுகிறது. அந்த வீட்டில் ஒரு மருமகனும் ஒரு தோசையும் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறார்கள்.