வள்ளத்துப் பெயிண்ட்

“அவன் ஒரு களவாணிப் பய டீச்சர். நீங்க வந்து அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்.”

பிலேந்திரன் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினார்.

இமல்டா டீச்சர் குழந்தையின் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிலேந்திரனுக்கு பேஸ் கிட்டார் சொல்லித் தருகிறவள் அவள்தான். வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் வகுப்பில் அவள் சொல்லாமல் அவர் உட்கார மாட்டார்.

“மெதுவா பேசுங்க அண்ணாச்சி. இப்பதான் பிள்ள தூங்குது.”

“எப்படி மெதுவா பேச? பழைய காலத்து ஜப்பான் கிட்டார்னு சொன்னான். ஆசையா போனேன். போய்ப் பாத்தா நீலக் கலர்ல பிளாஸ்டிக் வாளி மாதிரி மின்னுது. பூராவும் மேல அடிச்ச பெயிண்ட்டு. பழசுன்னு சொல்லி எதையோ தலையில கட்டப் பாக்கான்.”

“யாரு?”

“சந்தியாகு மச்சாது. கடக்கரைத் தெரு. முன்ன கோயில் திருவிழாவுக்கு வாசிச்சிட்டு இருந்தானே, அவன்தான்.”

“கழத்திப் பாத்தீங்களா?”

“எதுக்குக் கழத்த? எனக்குக் கண்ணு இல்லையா?”

டீச்சர் கடைசித் துணியைப் பிழிந்தாள்.

“களவாணின்னு அவருகிட்டயே சொல்லிட்டீங்களா?”

“தெருவே கேக்கிற மாதிரி சொன்னேன்.”

“அப்புறம் நான் எதுக்கு?”

பிலேந்திரனின் குரல் சட்டென்று இறங்கியது.

“திருவிழாப் பூசைக்கு என்னைத்தான் பேஸ் வாசிக்கச் சொல்லியிருக்கு. இத்தன வருசமா பின்வரிசையில நின்னு கை தட்டினவன் நான். இப்பதான் கூப்பிட்டாங்க. இரவல் கிட்டார உடையவன் வந்து வாங்கிட்டுப் போயிட்டான். ஞாயித்துக்கிழமை நான் கிட்டாரோட வரலன்னா, கீபோர்டுலயே பேஸ் போட்டுக்கிடுவேன்னு பாட்டு மாஸ்டர் சொல்லிட்டாரு. ஊருல விலைக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.”

“அப்ப களவாணிகிட்டதான் வாங்கணும்” என்றாள் டீச்சர்.

உள்ளே போய் ஸ்குரு டிரைவரை எடுத்து முந்தானையில் செருகிக்கொண்டாள். “அத்தே, பிள்ள முழிக்கதுக்குள்ள வந்திருவேன்” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

வழியெல்லாம் பிலேந்திரன் பேசிக்கொண்டே வந்தார்.

“மேல்நாட்டுல எல்லாம் ஒரிஜினல் பெயிண்ட்டத் தொடவே மாட்டாங்க டீச்சர். உரிஞ்சு போயிருந்தாலும் உரிஞ்ச மாதிரியே வச்சிருப்பாங்க. தொட்டுட்டா போச்சு. மதிப்பே கிடையாது. எத்தன வீடியோ பாத்திருக்கேன்.”

டீச்சர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்தாள். திருவிழா வருகிறதென்று எல்லா வீட்டுச் சுவரிலும் சுண்ணாம்பு புதிதாக இருந்தது.

“உங்க வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சா அண்ணாச்சி?”

“போன வாரமே. ஏன் கேக்குதீங்க?”

“சும்மாதான்.”

சந்தியாகு மச்சாது தன் வீட்டு முற்றத்தில் இருந்தார். கடலிலிருந்து ஏற்றிக் கவிழ்த்துப் போட்ட மீன்பிடி வள்ளத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தேய்த்து முடிந்து மரம் தெரிந்தது. மறு பக்கம் இன்னும் பழைய நீலம்.

அவருடைய இடது கையில் நடு விரலும் மோதிர விரலும் மடங்காமல் விறைத்து நின்றன. போன திருவிழா முடிந்த பிறகு, வள்ளத்துக்கும் படகு கட்டும் பாலத்துக்கும் நடுவில் மாட்டி நசுங்கிய விரல்கள். அதோடு அவர் வாசிப்பு நின்றுவிட்டது.

பிலேந்திரனைப் பார்த்ததும் உப்புத்தாளைக் கீழே எறிந்தார்.

“காலையில திட்டினது பத்தலன்னு ஆளு வேற கூட்டிட்டு வந்தீரா?”

“நீரு செஞ்ச வேலைக்கு ஊரையே கூட்டிட்டு வருவேன் வே.”

“கிட்டார் விலைக்கு இல்ல. எவனுக்கும் குடுப்பேன். உமக்குக் குடுக்க மாட்டேன்.”

“உம்ம கிட்டார் எவனுக்கு வேணும்?”

“பின்ன எதுக்குத் திரும்ப வந்தீரு?”

பிலேந்திரன் டீச்சரைப் பார்த்தார்.

“அண்ணே, நான் வாங்க வரல” என்றாள் டீச்சர். “பாக்கலாமா?”

மச்சாது அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பாக்கறதுக்கு என்ன டீச்சரம்மா. மரியாதையா கேட்டா எதுவும் காட்டலாம்.”

உள்ளே போய் எடுத்து வந்தார்.

நல்ல நீலம். பிரஷ் ஓடிய தடம் வரி வரியாகத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து அப்படியே காய்ந்திருந்தது.

“பாத்தீங்களா டீச்சர், பாத்தீங்களா? வழிஞ்சதைத் துடைக்கக்கூட இல்ல.”

“நீங்க கொஞ்சம் பேசாம இருங்க.”

அவள் கிட்டாரின் அடியைத் தோளில் வைத்து, துப்பாக்கியில் குறி பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணால் கழுத்து நெடுகப் பார்த்தாள். பிறகு தடித்த கம்பியை ஒரு கோடியிலும் மறு கோடியிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்தாள். ஒரு காகிதம் நுழையும் அளவுதான் இருந்தது.

“கழுத்து வளையல.”

கம்பி முறுக்கும் சாவிகளை ஒவ்வொன்றாகத் திருகினாள்.

“இதுல ஒண்ணு மட்டும் பிறகு மாத்தினது.”

“ஆமா” என்றார் மச்சாது. “உப்புக் காத்துல இத்துப் போச்சு. நான்தான் மாத்தினேன். நீங்க கேக்காமலே சொல்லியிருப்பேன், இவரு சொல்ல விட்டாத்தானே.”

டீச்சர் பின்பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒயர்களின் மேல் தூசி படிந்திருந்தது. ஈயப் பற்றுகள் மங்கி, எவர் கையும் படாமல் இருந்தன.

“உள்ள யாரும் நோண்டல.”

“வெளியதான் நோண்டியிருக்காரே” என்றார் பிலேந்திரன்.

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தைப் பிடித்திருந்த திருகாணிகளைக் கழற்றினாள். கழுத்து தனியாக வந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் நீலம் இல்லை. பெயிண்ட் பிரஷ் அங்கே போனதே இல்லை. தேன் நிறம், ஓரத்துக்கு வர வர அடர்ந்து காப்பிக்கொட்டை நிறமாகியிருந்தது. அதன் நடுவில், செய்தவன் எவனோ பென்சிலால் போட்ட எண் அழியாமல் இருந்தது.

பிலேந்திரன் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“ஒரிஜினல்” என்றார்.

“காலையில வேற என்னமோ பேரு சொன்னீரே” என்றார் மச்சாது.

பிலேந்திரன் மன்னிப்புக் கேட்பார் என்று டீச்சர் காத்திருந்தாள். அவருடைய முகம் முன்பைவிடச் சிவந்தது.

“அட பாவி மனுசா. இது மேலயா வள்ளத்துப் பெயிண்ட்ட அடிச்சீரு?”

“ஆமா.”

“டூப்ளிகேட்டா இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் வே. பொன்னு மாதிரி கலரு. அதுல போயி வாளிக் கலர அடிச்சிருக்கீரே. உமக்குக் கை கூசல?”

“எனக்க கிட்டாரு. எனக்க பெயிண்ட்டு. உமக்கு எங்க கூசுது?”

“நாசம் பண்ணிட்டீரு.”

“நீரு யாரு வே அதச் சொல்ல?”

இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு முட்டுகிற மாதிரி நின்றார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

டீச்சர் தரையில் உட்கார்ந்து கழுத்தைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“பொய்யின்னு நினைச்சப்பவும் கோபம். நெசம்னு தெரிஞ்சப்ப அதவிடக் கோபம். நீங்க எதுக்குதான் வந்தீங்க அண்ணாச்சி?”

அவர் மச்சாதுவை விட்டு ஓரடி விலகி நின்றார்.

அவள் சுருதி கூட்டினாள். மச்சாது வீட்டுக்குள்ளிருந்து ஸ்பீக்கர் பெட்டியை இழுத்து வந்து வைத்தார். டீச்சர் தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை மீட்டினாள்.

வள்ளத்தின் மேல் வைத்திருந்த ஆணி டப்பா தானாக நகர்ந்தது.

கம்பியின் சத்தம் அடங்க நேரமாயிற்று.

“சத்தம் எப்படி?” என்றாள்.

“சத்தத்துக்கு என்ன. நல்லாத்தான் இருக்கு.”

“ஞாயித்துக்கிழமைக்குப் போதுமா?”

“போதும். ஆனா இந்தக் கலரோட பீடத்துக்குப் பக்கத்துல நான் எப்படி நிப்பேன்? வாங்கினதும் மொத வேலையா இதப் பூராவும் சுரண்டி எடுத்திருவேன்.”

மச்சாது கிட்டாரை டீச்சரின் கையிலிருந்து பிடுங்கினார்.

“தரமாட்டேன். ஆயிரம் தடவ கேட்டாலும் தரமாட்டேன். போரும்.”

“உம்மால வாசிக்கவும் முடியாது. வாசிக்கறவனுக்குக் குடுக்கவும் மாட்டீரு.”

சொன்ன பிறகுதான் பிலேந்திரனின் கண் அந்த விரல்களுக்குப் போனது.

மச்சாது அந்தக் கையைக் கிட்டாருக்குப் பின்னால் மறைத்தார்.

டீச்சர் எழுந்தாள். அவளுக்கு இப்போது கோபம் வந்திருந்தது. ஆனால் குரல் உயரவில்லை. வள்ளத்தின் ஓரத்தில் கிடந்த சுரண்டியை எடுத்து பிலேந்திரனின் கையில் வைத்தாள்.

“சுரண்டுங்க.”

“டீச்சர்?”

“வீட்டுக்குக் கொண்டு போயி ஒளிஞ்சு எதுக்குச் சுரண்டணும்? அடிச்சவரு நிக்காரு. அவரு முன்னாலயே சுரண்டுங்க.”

“அவரு விட மாட்டாரு.”

“ஏன் விட மாட்டேன்?” என்றார் மச்சாது. கிட்டாரை வள்ளத்தின் மேல் படுக்க வைத்தார். “சுரண்டும் வே. எவ்வளவு தைரியம் இருக்குன்னு பாக்குதேன்.”

பிலேந்திரனும் கோபத்தில்தான் இருந்தார். சுரண்டியை ஓரத்தில் வைத்து அழுத்தி இழுத்தார். நீலம் சுருள் சுருளாக வந்தது.

அதற்கு அடியில் தேன் நிறம் இல்லை. பச்சை இருந்தது.

“இது என்ன?”

மச்சாது கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நீலம் போன திருவிழாவுக்கு. பச்ச அதுக்கு முந்தின திருவிழாவுக்கு.”

“வருசா வருசமா அடிச்சீரு?”

“வள்ளத்துக்கு வருசா வருசம் அடிக்கோம்லா? மாதா முன்னால பழைய வள்ளத்தயா கொண்டு நிறுத்துவோம்? வள்ளம் புதுசா நிக்கும், நான் மட்டும் உரிஞ்ச கிட்டாரோட போயி நிக்கணுமோ? வள்ளத்துக்கு அடிச்ச மிச்சத்த இதுக்கு அடிப்பேன். ஒரே டின்னு.”

பிலேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார். பச்சைக்கு அடியில் சிவப்பு. அதற்கு அடியில் மறுபடி ஒரு நீலம்.

“சிவப்பு மக படிச்சு முடிச்ச வருசம். அவதான் கலரு சொன்னா.”

இழுத்தார். ஆரஞ்சு. சாம்பல். இழுக்க இழுக்க இருபது வருடத்துக்கும் மேலான நிறங்கள் மாறி மாறி வந்தன. துகள்கள் அவர் சட்டையிலும் மீசையிலும் ஒட்டின. கோபம் குறையவில்லை. கை மட்டும் முன்பைவிட மெதுவாகப் போனது.

வெள்ளை வந்தது.

“அது எனக்குக் கல்யாணம்” என்றார் மச்சாது. “அவ வீட்டாளுக வெள்ளதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. வள்ளத்துக்கு வெள்ளையடிச்சா மறுநாளே அழுக்கு. சொன்னா கேட்டாத்தானே.”

வெள்ளைக்கு அடியில் மஞ்சள்.

இதற்கு மச்சாது ஒன்றும் சொல்லவில்லை.

பிலேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். “இது எந்த வருசம்?”

“அந்த வருசம் வள்ளம் இல்ல.”

“இல்லன்னா?”

“கடல் எடுத்துட்டு. தம்பியும் அதுலதான் இருந்தான்.”

பிலேந்திரனின் கையில் சுரண்டி மஞ்சளின் மேலேயே நின்றது.

“அப்ப இந்தப் பெயிண்ட்டு?”

“இதுக்குன்னே வாங்கினேன்.”

எதிர்வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து நின்ற பெண் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“ஏன் நிறுத்திட்டீங்க அண்ணாச்சி?” என்றாள் டீச்சர். “ஒரிஜினல் இன்னும் வரலையே.”

பிலேந்திரன் சுரண்டியைக் கீழே வைத்தார். வள்ளத்தின் மேல் விழுந்திருந்த துகள்களைத் தட்டிவிடப் போனவர், தட்டாமல் கையை எடுத்துக்கொண்டார்.

சுரண்டிய இடத்தைப் பார்த்தார். பாதி தேய்த்துக் கிடந்த வள்ளத்தைப் பார்த்தார்.

“வே மச்சாது.”

“என்ன?”

“இந்த வருசம் வள்ளத்துக்கு என்ன கலரு?”

“அது உமக்கு எதுக்கு?”

“டின்னுல கொஞ்சம் மிச்சம் வையும்.”

மச்சாது அவரை முறைத்தார். அந்த முகத்தில் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. குனிந்து உப்புத்தாளை எடுத்தார். நீலம் மிச்சமிருந்த பக்கத்தைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“கிட்டார இப்ப கொண்டு போரும். வெள்ளிக்கிழமையே திரும்ப எடுத்துட்டு வாரும். காயணும். பிரஷ்ஷ நான்தான் பிடிப்பேன், நீரு தொடக் கூடாது.”