கேட்டுக்காரன் கையப் புடிச்ச டாக்டர்

டாக்டர் செங்கோடனுக்குக் கோவம் வந்தா மொதல்ல மூக்கு செவக்கும், அப்பறம் காது. அன்னிக்கு ரெண்டும் ஒண்ணாவே செவந்துருச்சு.

எதுத்தாப்புல தங்காயி. மார்ல கட்டி வந்து, ஆபரேசன் முடிஞ்சு, மாத்திரை முழுங்கிட்டு இருந்தவ. கட்டி திரும்பத் தலையத் தூக்கிருச்சு.

"ஒழுங்கா முழுங்கியிருந்தா எப்படி வரும்? பொய் சொல்லாத!"

"ஒரு நாளுகூட உடலீங்க சாமி."

"பொய்யி!"

தங்காயி எந்திரிச்சா. "அப்ப எனக்கு வைத்தியமே வேண்டாமுங்க." முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டுப் படி எறங்கிட்டா.

செங்கோடன் அதே சூட்டோட ஜமீலா மேடம் ரூமுக்குள்ள பாஞ்சான். அவங்ககிட்டத்தான் தொழிலு கத்துக்கறான்.

"மேடம், தங்காயிக்குக் கட்டி திரும்ப வந்துருச்சு, மாத்திரைய உடலேன்னு பொய் சொல்லிட்டுக் கெளம்பிட்டா. செல்லுக்கு நடுவுல கரு. அதுக்குள்ள ஒரு புரதம், கேட்டுக்காரனாட்ட. ஹார்மோன் வந்து தோளத் தொட்டா, 'வளரு'ங்கற ஜீனத் தொறந்து உட்டுருவான். நம்ம மாத்திரை அவன் கையப் புடிச்சு உக்கார வெச்சுரும். புடிச்ச கைய உடாம இருந்தா கட்டி எப்படிங்க வளரும்?"

மேடம் நிமிந்தே பாக்கல. "கீழ போ. நம்ம கேட்டுக்காரன் மாரப்பன் கையப் புடிச்சுக்க. வார்டுக்குள்ள ஒரு ஆளு வரப்படாது."

"வெளையாடறீங்களா மேடம்?"

"போடா!"

போனான். புடிச்சான். கேட்டுக்கு வெளிய ஒரே சத்தம். "பொண்டாட்டி பட்டினி கெடக்கறா, தொறங்கய்யா!" மாரப்பன் நெளியறான். "சார், மூக்கு அரிக்குதுங்க. ஒரு கைய மட்டும்..."

"வாய மூடுய்யா!"

கொஞ்ச நேரத்துல மேடம் எறங்கி வந்தாங்க. வரும்போதே இடி.

"வார்டு பூராச் சோத்துத் தூக்குப்போசியோட ஆளுக! டீ குடிக்கப் போனியாடா?"

"உடவே இல்லீங்க மேடம்!"

மாரப்பன் கைய நீட்டுனான். "வேர்வையப் பாருங்கம்மா."

"ஒழுங்காப் புடிச்சிருந்தா எப்படி வருவாங்க? பொய் சொல்லாத!"

செங்கோடனுக்குக் கழுத்து வரைக்கும் செவந்துருச்சு. "பின்னால துணி வெளுக்கற பக்கம் இன்னொரு கதவு இருக்குதுங்க! எவனோ அதத் தொறந்து உட்டிருப்பான்! அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் நகரவே இல்ல. என்னையப் போயி பொய்யன்னு..."

தொறந்த வாயி தொறந்தபடியே நின்னுது.

மேடம் கொரல எறக்குனாங்க.

"மாரப்பன் கைய உடு. தங்காயி இன்னும் பஸ்ஸு ஏறியிருக்க மாட்டா. ஓடிப் போயிக் கூட்டிட்டு வா. அவளுக்கு உள்ளாற பின்கதவத் தொறந்து உட்டது எந்தப் புரதம்னு நாமதான் தேடோணும்."